வட்டமாக உட்கார்ந்தால் போதுமா?

நீங்கள் ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவரென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கம். ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். நடுவில் சார்ட் பேப்பர், நாலு கலரில் ஸ்கெட்ச் பேனா. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, 'இங்க நான் டீச்சர் இல்லை, நீங்க ஸ்டூடண்ட் இல்லை. எல்லாரும் சேர்ந்து கத்துக்கப் போறோம்' என்பார். ஐந்தைந்து பேராகப் பிரிந்து அரை மணி நேரம் பேசுவீர்கள். எழுதியதைச் சுவரில் ஒட்டுவீர்கள். அப்புறம் அவர் புரொஜக்டரைப் போடுவார். நீங்கள் இப்போதுதான் 'கண்டுபிடித்த' ஏழு முடிவுகளும் அதில் நேற்றே டைப் அடித்துத் தயாராக இருக்கும்.

மேடை போட்டு இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்கிறவர் இவரைவிட நேர்மையானவர் என்பேன். 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது, கேள்' என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தூக்கம் வந்தால் நாமும் வெளிப்படையாகத் தூங்கலாம். வட்டத்தில் அந்த வசதிகூட இல்லை.

இந்த வட்டத்தை நிஜமாகவே நம்பிய இரண்டு பேர் உட்கார்ந்து பேசியது ஒரு புத்தகமாக இருக்கிறது. 'வி மேக் த ரோட் பை வாக்கிங்'. 1990-ல் அமெரிக்காவில் வந்தது. ஒருவர் பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரேய்ரே. 1963-ல் ஆன்ஜிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை நடத்தியவர். அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இவரை ஜெயிலில் போட்டு, பிறகு நாட்டைவிட்டே போக வைத்தது. இன்னொருவர் மைல்ஸ் ஹார்ட்டன். அமெரிக்காவின் டென்னஸி மலைப்பகுதியில் 1932-ல் ஹைலாண்டர் என்ற பள்ளியைத் தொடங்கியவர். பரீட்சை கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது. சுரங்கத் தொழிலாளிகள், யூனியன்காரர்கள், பிறகு சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் என்று வந்து தங்கித் தங்கள் பிரச்னையைப் பேசிவிட்டுப் போவார்கள். 1955 கோடையில் அப்படி வந்தவர்களில் ஒருவர் ரோஸா பார்க்ஸ். அந்த டிசம்பரில்தான் அவர் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார்.

இரண்டு பெரியவர்களும் 1987 டிசம்பரில் ஹைலாண்டரில் சந்தித்துப் பேசினார்கள். புத்தகம் வெளிவருவதற்குள் ஹார்ட்டன் போய்விட்டார், 1990 ஜனவரியில்.

ஹார்ட்டன் சொன்ன ஒரு கதையைக் கேளுங்கள். ஒரு ஸ்டிரைக். நிலைமை மோசம். கமிட்டிக்காரர்கள் இவரை ஓட்டல் அறையில் உட்காரவைத்து, 'என்ன செய்யலாம், நீ சொல்' என்கிறார்கள். 'முடிவு உங்களுடையது, நான் சொல்ல மாட்டேன்' என்கிறார். ஒருவர் துப்பாக்கியை எடுத்து நீட்டிவிட்டார். 'சொல்றியா, சுடட்டுமா?' ஹார்ட்டன் அப்போதும் சொல்லவில்லை. இன்றைக்கு நான் சொல்லிவிட்டால் நாளைக்கும் என்னிடம்தான் வருவார்கள் என்பது அவர் வாதம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நம் ஆபீஸ் ஆசாமியும் இதைத்தானே செய்கிறார், பதிலைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார் என்று தோன்றும். வித்தியாசம் பெரியது. ஹார்ட்டன் அறையில் முடிவு நிஜமாகவே அந்தத் தொழிலாளிகள் கையில் இருந்தது. தப்பாக எடுத்தால் தப்புதான், ஸ்டிரைக் தோற்றிருக்கும். நம்மவர் அறையில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. நாம் அதை யூகிக்கிற வரை அவர் காத்திருக்கிறார். கேள்வி கேட்பதுபோல் தோன்றினாலும் அது விடுகதை.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நடுநிலை பற்றிய பேச்சு. கலந்துரையாடல் நடத்துகிறவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்றுதானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்? இருவரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. நடுநிலை என்று சொல்லிக்கொள்வது, இருக்கிற நிலைமையின் பக்கம் நிற்பதற்கு நாகரிகமான பெயர் என்கிறார் ஹார்ட்டன். ஹைலாண்டரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், ஒரே கூரையின் கீழ் தூங்கினார்கள். அன்றைய டென்னஸியில் அது சட்டப்படி வம்பு. அதை ஓட்டுக்கு விட்டு அவர் முடிவு செய்யவில்லை. வந்தால் இப்படித்தான் என்பது அந்த இடத்தின் கொள்கை. அது யாருக்கும் மறைக்கப்படவும் இல்லை. ஃப்ரேய்ரே இன்னும் ஒரு படி போகிறார். அதிகாரம் பண்ணுவது வேறு, ஆசிரியருக்கு உரிய பொறுப்பு வேறு. முதலாவதை விடுகிறேன் என்று இரண்டாவதையும் கைகழுவக் கூடாது என்கிறார்.

இது முக்கியம். ஏனென்றால் 'எங்க குழுவுக்குத் தலைவரே கிடையாது' என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி 1970-லேயே இதைப் போட்டு உடைத்தார். தலைவர் இல்லாத குழு என்று ஒன்று இல்லை. யாரென்று தெரியாத தலைவர்கள்தான் இருப்பார்கள், அவர்களை நீக்கவும் முடியாது என்பது அவர் கட்டுரையின் சாரம். உங்கள் குடியிருப்போர் சங்கத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். புரியும்.

சரி, புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ரொம்பவும் மதிக்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் இன்னும் அழகாகச் சொல்கிறார். கூட இருந்தவர்கள் நடுநடுவே கேள்வி கேட்கிறார்கள் என்றாலும் உரசல் குறைவு. ஓர் இடத்தில் மட்டும் பொறி பறக்கிறது. ஆட்களைத் திரட்டுவது வேறு, கல்வி வேறு என்கிறார் ஹார்ட்டன். திரட்டுகிறவனுக்குக் காரியம் முடிய வேண்டும், கற்பிக்கிறவனுக்கு மனிதர்கள் வளர வேண்டும், இரண்டும் மோதும். ஃப்ரேய்ரே இதை அவ்வளவு சுலபமாக ஏற்பதில்லை. திரட்டும்போதே கல்வி நடக்கிறது என்கிறார். இதை இன்னும் ஐம்பது பக்கம் பேசியிருக்கலாம்.

என் பெரிய மனக்குறை வேறு. இவர்கள் பேசும் வித்தையைச் செய்து காட்டியவரின் பெயர் அட்டையில் இல்லை. உள்ளே ஹார்ட்டன் அவரைப் புகழ்கிறார், அவ்வளவுதான். அவர் பெயர் பெர்னிஸ் ராபின்சன்.

தெற்கு கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவு. கறுப்பர் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனால், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். பலருக்கு எழுத்தே தெரியாது. தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு பஸ் ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ், போகிற வழியில் பயணிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். போதவில்லை. ஹைலாண்டரிடம் உதவி கேட்டார். அங்கே இருந்தவர் செப்டிமா கிளார்க், பள்ளி ஆசிரியை. கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காக 1956-ல் வேலையைப் பறிகொடுத்தவர். அவரும் ஹார்ட்டனும் யோசித்து, ஆசிரியர் பயிற்சி பெற்றவரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகள்போல நடத்தாத ஒருவர் வேண்டும். கிளார்க்கின் உறவுக்காரப் பெண்ணான ராபின்சனைப் பிடித்தார்கள். அவர் அழகு நிலையம் நடத்தியவர். நாள் முழுக்கப் பிறர் பேச்சைக் கேட்கிற தொழில்!

1957 ஜனவரி. ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்அறை. முன்னால் கடை இருந்ததால் வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராது. 14 பேர் வந்தார்கள். ராபின்சன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? நான் டீச்சர் இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம். அட, நம் அட்டைக்காரர் சொன்ன அதே வாக்கியம்!

அடுத்து அவர் செய்ததுதான் வேறு. கையோடு கொண்டுவந்த ஆரம்பப் பள்ளிப் புத்தகங்கள் உதவாது என்று பார்த்ததும் ஒதுக்கிவைத்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொந்தப் பெயரை எழுத வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும். ஓட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதுவே பாடத்திட்டம் ஆனது. பெயரை அட்டையில் எழுதிக்கொடுத்து அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டி, முடிப்பதற்குள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றார். பக்கம் சாய்ந்தார், மறைக்கவில்லை.

இந்த வகுப்பு தெற்கு முழுக்கப் பரவியது. 1961-ல் டென்னஸி அரசு ஹைலாண்டரை இழுத்து மூடியபோது, திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குப் போய்த் தொடர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியுமா என்ற அந்தப் பரீட்சையையே 1965 ஓட்டுரிமைச் சட்டம் நிறுத்திவைத்தது.

செப்டிமா கிளார்க் 1987 டிசம்பரில் இறந்தார். இரண்டு பெரியவர்கள் பேசிய அதே மாதம். ராபின்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார். வட்டத்தைப் பற்றிய புத்தகத்தில் அவருக்கும் சரிசமமாக ஒரு நாற்காலி போட்டிருந்தால், இரண்டு தத்துவ ஞானிகளையும் அவ்வப்போது தரைக்கு இழுத்திருப்பார். இருந்தாலும் படியுங்கள். குழு நடத்துகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நடத்தப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை உங்களை வட்டமாக உட்காரவைத்தால், ஸ்கெட்ச் பேனாவைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார், நாங்க இங்க என்ன சொன்னா, நாளைக்கு என்ன மாறும்?' அவர் யோசித்து, விஷயமாகப் பதில் சொன்னால் தாராளமாகப் பேசுங்கள். 'முதல்ல டிஸ்கஸ் பண்ணுவோம்' என்று சிரித்தால், பிஸ்கட் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.