கூடாரத்தை மறுபடி தைப்பது

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் பழைய ஆயுதங்களோடு, வீசி எறியும் வளரியும் காட்சிக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் கனம் கையில் எப்படி உட்காரும், வீசும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் காட்சி சொல்லாது. பழம்பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் தொட விடக்கூடாது. தொடாமல் அதன் வேலை விளங்காது. இந்தச் சிக்கலுக்கு அருங்காட்சியகங்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, பழைய பொருளை அதன் காலத்துக் கைவேலையிலேயே மறுபடி செய்து மக்கள் முன் வைப்பது. அந்த வழி எவ்வளவு தூரம் போகும், எங்கே தவறும் என்பதைப் போர்க்கூடாரத்தை வைத்துப் பார்க்கலாம்.

பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகமும் காலனியல் வில்லியம்ஸ்பர்க் நிறுவனமும் சேர்ந்து 2013இல் ஜார்ஜ் வாஷிங்டனின் போர்க்கூடாரத்தைக் கையாலேயே மறுபடி தைத்தன. மூலக் கூடாரம் 1778இல் லினன் துணியில் செய்யப்பட்டது. அவருடைய மனைவி வழிக் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்து, 1909இல் பர்க் என்ற பாதிரியார் 5,000 டாலருக்கு வாங்கியது. 2017இல் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து அது மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு குறும்படத்தின் முடிவில் சில நிமிடங்கள் மட்டும் காட்டப்படுகிறது. துணி நைந்துபோனதால் கயிற்றை இழுத்துக் கட்ட முடியாது. உள்ளே மறைவாக வைத்த சட்டகம்தான் அதைத் தாங்குகிறது. ஆகவே மூலத்தைப் பார்ப்பவர் வாஷிங்டன் படுத்த துணியைப் பார்க்கிறார். ஒரு கூடாரம் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் பார்க்க முடியாது. அதைக் காட்டுவது புதிதாகத் தைத்ததுதான். அதைத் தைத்த இடத்துக்கே பார்வையாளர்கள் வந்தார்கள். ஊசி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள். இந்த முயற்சியில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதி. ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நேரில் பார்த்தவருக்கு, ஒரு படைக்கு எத்தனை கைகள் உழைத்திருக்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம். கூடாரத்தைப் பற்றித் தமிழில் இருக்கும் சாட்சி வாஷிங்டனை விட மிகப் பழையது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சிறிய பாட்டு. ஆனால் பாசறையை அது காட்டும் நுணுக்கம் அசாதாரணமானது. வில்லை ஊன்றி, அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிய இருக்கைகள் ஒருபுறம். வேலை நட்டுக் கேடயங்களை வரிசையாக வைத்த வேலி ஒருபுறம். நடுவே அரசனின் கூடாரம். உறுதியான கயிற்றில் திரை தொங்கவிட்டு இரண்டு அறையாகப் பிரித்தது. கச்சில் வாள் செருகிய பெண்கள் விளக்குக்கு நெய் வார்க்கிறார்கள். யவனர் காவல் நிற்கிறார்கள். நாழிகை சொல்பவர் பொழுதை அறிவிக்கிறார். இதைப் படித்துவிட்டு வில்லை ஊன்றிக் கயிறு கட்டிப் பார்த்தால்தான், வில்லின் வளைவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழும். கையால் செய்து பார்ப்பதன் முதல் பயன் இதுதான்: வாசகனுக்குத் தோன்றாத கேள்வி தைப்பவனுக்குத் தோன்றும்.

ராமேசுவரம் கரையில் கூடாரம் போட முயன்றால் கேள்விகள் இன்னும் பெருகும். மணலில் முளை அடித்தால் நிற்காது. கட்டையைக் குறுக்கே புதைத்து, அதன் நடுவில் கயிறு முடிய வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று படகுக்காரரைக் கேட்க வேண்டும். பருத்திக் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும். இரவில் தளர்த்திவிடாவிட்டால் ஒன்று புதைத்த கட்டை பிடுங்கிக்கொள்ளும், அல்லது துணி கண்ணோட்டையில் கிழியும். வெயில் ஏறியதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி மழையில் நனைந்ததும் இழை உப்பி நீரைத் தடுக்கும். உள்ளேயிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகத் தொடங்கும். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் ராமநாதபுரத்தின் மேல் வந்தபோது, தூங்காமல் கயிறு தளர்த்திய ஆட்களும் அந்தப் படையோடு வந்திருப்பார்கள். வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு இடமில்லை. கூடாரம் போட்டுப் பார்க்கும் மாணவனுக்கு அவர்கள் ஒரே இரவில் அறிமுகமாகிவிடுவார்கள்.

இனி குறைகள். மிகப் பெரியது, முழுமையாகத் தெரியும் பொருள் முழு உண்மையாகவும் தெரிந்துவிடுவது. பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மன் கோட்டை 1799இல் இடிக்கப்பட்டது. 1801இல் அவருடைய தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் எழுப்பிய கோட்டையும் அந்த ஆண்டே தரைமட்டமானது. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை கட்டியது. மரியாதைக்காகக் கட்டிய நினைவுச்சின்னம் என்ற அளவில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய கோட்டை மண்சுவர். கும்பினிப் படையை 1801 மார்ச்சில் திருப்பி அனுப்பிய சுவர் அது. நினைவுக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளையின் மனதில் பதிவது அரண்மனைத் தோற்றமுள்ள கட்டடம். மண்ணைக் குழைத்து அவசரமாகச் சுவர் எழுப்பிய ஆயிரக்கணக்கான கைகள் பதிவதில்லை. மண்ணாலேயே ஒரு சுவர்த்துண்டை எழுப்பிக் காட்டியிருந்தால் அந்தப் போரின் அறிவு விளங்கியிருக்கும்.

கூடாரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாஷிங்டன் கூடாரத்தைத் தைத்தவர்களுக்கு அளந்து பார்க்க மூலம் இருந்தது. திப்பு சுல்தானின் கூடாரமும் பிழைத்திருக்கிறது, ஆனால் வேல்ஸில், போவிஸ் கோட்டையில். அச்சுப் பூக்கள் நிறைந்த பருத்தித் துணி. 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்தோடு போனது அது. அவர் ஆட்சியில்தான் கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் கூடாரம் எதுவும் ராமலிங்க விலாசத்தில் காட்சிக்கு இல்லை. இந்த நிலையில் முல்லைப்பாட்டிலிருந்து வில்லை எடுத்து, திப்புவிடமிருந்து பூவை எடுத்து, தஞ்சைக் கோயில்களில் தொங்கும் தொம்பையிலிருந்து ஒட்டுத்துணி வேலையை எடுத்து ஒன்றாகத் தைத்தால் கிடைப்பது கல்யாணப் பந்தல். அழகாக இருக்கும், பொய்யாக இருக்கும்.

இன்னொரு குறை, தலைவனின் கூடாரத்தை மட்டுமே செய்வது. வாஷிங்டனோடு போர் முழுவதும் இருந்த வில்லியம் லீ அவருடைய அடிமை. அவரைச் சொல்லாமல் அந்தக் கூடாரத்தின் கதையைச் சொல்ல முடியாது. கும்பினிப் படையின் கூடாரங்களைக் கட்டியதும் பிரித்ததும் லஸ்கர்கள் எனப்பட்ட ஏவலாட்கள். முல்லைப்பாட்டுக்காரர் விளக்கேற்றும் பெண்களையும் விட்டுவிடவில்லை. இன்று செய்பவர்கள் அவரை விடக் குறைவாகப் பார்க்கலாமா?

கைவேலை என்ற சொல்லுக்கு மயங்கிவிடுவதும் ஒரு குறைதான். ஆலை நூலால் கையில் தைத்துவிட்டு முழுக்கப் பழைய முறை என்று பலகை வைப்பது சரியில்லை. கைவினைஞருக்கு ஒரு நாள் விழாவுக்குச் சால்வை போர்த்தி, கூலியில் பேரம் பேசுவது அதைவிட மோசம்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வேலை செய்யத் தக்கது என்பதே என் முடிவு, ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு: செய்து முடித்ததைக் காட்டுவதை விடச் செய்வதைக் காட்ட வேண்டும். அதற்கு வேண்டியது பெரும்பாலும் இந்தச் சீமையிலேயே இருக்கிறது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் கைத்தறி. சாயல்குடிப் பக்கம் பனை நார். ராமேசுவரம் தீவு மணலில் ஒரு காலத்தில் தோண்டி எடுத்த சாயவேரின் சிவப்பு. தொண்டிப் பக்கம் இன்னும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. துணியைக் காற்றுக்கு இழுத்துக் கட்டத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒட்டுத்துணி வேலைக்கு மட்டும் தஞ்சாவூரிலிருந்து ஆள் வர வேண்டும்.

தொல்லியல் துறைக்கு என் வேண்டுகோள் இது. அரண்மனை முற்றத்தில் ஒரு படைவீரனின் சாதாரணக் கூடாரத்தைப் பொதுமக்கள் கண்முன்னால் தைக்கச் செய்யுங்கள். சான்று உள்ள பாகங்களை வெள்ளை நூலாலும் ஊகித்துச் செய்த பாகங்களை நீல நூலாலும் தைக்கச் சொல்லுங்கள். எது தெரிந்தது, எது ஊகம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கண்ணால் பிரித்தறியட்டும். தைத்தவர்களின் பெயர்களைத் துணியிலேயே எழுதுங்கள், அவர்களுக்கு முழுக் கூலியும் கொடுங்கள். துணி கிழிந்தால் அதே முற்றத்தில், அதே பிள்ளைகள் முன்னால் ஒட்டுப் போடுங்கள்.