சைலஸ் மார்னர் கஞ்சனா?

ஆங்கில இலக்கியத்தை நம் பிள்ளைகள் இருவகையாகப் படிக்கின்றனர். தேர்வுக்காகப் படிப்பது ஒன்று. தமக்காகப் படிப்பது மற்றொன்று. முன்னதற்கு ‘நோட்ஸ்’ போதும். பின்னதற்கோ, படிப்பவர் தம் வீட்டையும் தெருவையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ என்னும் புதினத்தைக் கொண்டு அளந்து பார்க்கலாம். நம் நாட்டுக் கல்விக்கூடங்களில் பல தலைமுறையினர் துணைப்பாடமாகப் பயின்ற நூல் அது. “கஞ்சனாகிய சைலஸ் எவ்வாறு திருந்தினான்?” என்பது அந்நூலைப் பற்றி நோட்ஸ் புத்தகங்கள் கேட்கும் வழக்கமான வினா. வினாவுக்குள்ளேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பு நூலுக்கு நீதி செய்யவில்லை என்பதே நம் கருத்து.

ஜார்ஜ் எலியட் என்பது மேரி ஆன் எவன்ஸ் (1819–1880) என்னும் அம்மையாரின் புனைபெயர். நூல் வெளிவந்தது 1861இல். கதை சிறியது. லேண்டர்ன் யார்டு என்னுமிடத்தில் ஒரு சிறு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த இளம் நெசவாளி சைலஸ். சபைப் பணத்தைத் திருடியதாக அவன்மீது பொய்ப்பழி விழுகிறது. சூழ்ச்சி செய்தவன் அவனுடைய உயிர் நண்பன் வில்லியம் டேன். சபையார் சீட்டுப் போட்டுப் பார்த்து, குற்றவாளி சைலஸே என முடிவு கட்டுகின்றனர். நிச்சயிக்கப்பட்ட மணப்பெண் அந்த நண்பனையே மணந்துகொள்கிறாள். நம்பிக்கை இழந்தவன் ரேவலோ என்னும் சிற்றூருக்குச் சென்று, பதினைந்து ஆண்டுகள் தனியனாய் லினன் துணி நெய்து பொன் சேர்க்கிறான். அப்பொன் களவு போகிறது. பின்னர்ப் பனியிரவொன்றில் தாயை இழந்த பெண் குழந்தை ஒன்று அவன் குடிசைக்குள் தத்தித் தத்தி நடந்து வருகிறது. எப்பி என்று பெயரிட்டு அவளை வளர்க்கிறான், மனிதர்களிடம் மீள்கிறான்.

தேவிகாபுரத்தில் மாணவராயிருந்து இந்நூலைப் படித்த நமக்கு, அதில் வரும் ஆப்பிள் மரங்களும் பனிப்பொழிவும் அந்நியமாகவே இருந்தன. தறி மட்டும் அந்நியமாக இல்லை. ஆரணிப் பட்டு நெய்யும் ஊரில், பாடத்தை உரக்கப் படித்தாலும் தறியோசை அதனை மீறிக் கேட்கும். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். குடும்பமே உழைத்துச் சேலை நெய்து கொடுக்கும். கூலியில் முன்பணம் கழிக்கப்படும். மீதி கைக்கு வரும். இதனை அறிந்த மாணவர் கண்ணில், நோட்ஸ் எழுதியவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு செய்தி முதலில் படுகிறது.

சொந்த ஊரில் இருந்தவரை சைலஸ் மொத்த வியாபாரி ஒருவரிடம் குறைந்த கூலிக்கு நெய்தவன். அவ்வாரக் கூலியிலும் பெரும்பகுதியை அறச்செயல்களுக்கே கொடுத்தவன். ரேவலோவிலோ ஆஸ்குட் சீமாட்டிக்கு மேசைவிரிப்புத் துணி நெய்து முடித்ததும், இடையில் எவருமின்றி ஐந்து கினி பொற்காசுகள் முழுமையாக அவன் கையில் விழுகின்றன. அதில் பங்கு கேட்பார் ஒருவருமில்லை. பங்கு கொடுக்க விரும்பும் அளவுக்கு அவன் நேசிப்பவரும் ஒருவருமில்லை. அவன் நோயின் வேரை அம்மையார் இங்கேதான் காட்டுகிறார். அது பேராசையன்று, பங்காளியற்ற தனிமை. கொடுக்கும் வழி அடைபட்ட பின்னரே பொன் அவனுக்குத் துணையாயிற்று. செல்வம் பிறர் கைக்கும் செல்லவேண்டும் என்பதற்காக ஜகாத்தைக் கடமையாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. அவ்வழி ஒருவனுக்கு அடைபட்டால் என்ன நேரும் என்பதை உணர நமக்கு நோட்ஸ் தேவையில்லை.

அவன் கஞ்சனல்லன் என்பதற்கு நூலிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. சாலி ஓட்ஸ் என்னும் பெண்ணின் நோய்க்கு, தன் தாயிடம் கற்ற மூலிகை மருந்தை அவன் கொடுக்கிறான். உடனே அவனை மந்திரவாதி எனக் கருதிய மக்கள் காசும் கையுமாக வந்து தாயத்துக் கேட்கின்றனர். சரியென்று தலையசைத்திருந்தால் பணம் குவிந்திருக்கும். பொய்யால் வரும் காசு வேண்டாமென அவர்களைத் துரத்துகிறான். பொருளே குறியானவன் செய்யும் காரியமா இது? மற்றொன்று அவனுடைய மண்பானை. பல்லாண்டு தண்ணீர் சுமந்த பானை உடைந்தபோது, துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பழைய இடத்திலேயே நினைவுப் பொருளாக வைக்கிறான். எதனையேனும் நேசிக்காமல் வாழ முடியாத உள்ளம் அது. நேசிக்க மனிதர் இல்லாதபோது பானையும் பொன்னும் அவ்விடத்தை நிரப்பின.

நூலாசிரியையிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. தனிமையில் நெய்யும் சைலஸை அவர் சிலந்திக்கு ஒப்பிடுகிறார். சிந்தனையின்றி வலை பின்னும் பூச்சியைப் போல அவன் நெய்தான் என்கிறார். நெசவுத் தெருவில் வளர்ந்த மாணவர் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றே முகம் சுளிப்பது இயல்பு. அறுந்த இழையை விரல் நுனியால் தேடி முடிவதும், கரையில் பூ பிசகாமல் விழ ஒவ்வொரு மிதியிலும் கணக்கு வைப்பதும் பூச்சியின் வேலையல்ல. வயலையும் பால்பண்ணையையும் வேறு நூல்களில் அத்துணை நுட்பமாக எழுதிய அம்மையார், நெசவாளியின் கைத்திறனை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். ஆயினும் எப்பி வந்தபின் அவருடைய பார்வை கூர்மையடைகிறது. குழந்தை தறியைக் கெடுக்காதிருக்க, அகன்ற துணிப்பட்டை ஒன்றால் சைலஸ் அவளைத் தறியோடு கட்டிவைக்கிறான். அவளோ அவனுடைய கத்தரியைக் கொண்டே அதனை வெட்டிவிட்டு வெளியே ஓடுகிறாள். தறிக்கு அருகில் தூளி கட்டிய எந்த வீட்டிலும் இப்பகுதியைப் படித்துக் காட்டலாம், விளக்கவுரை வேண்டியதில்லை.

நூலின் உச்சம் எப்பியின் தேர்வு. பதினாறு ஆண்டுகள் மறைந்திருந்த தந்தை காட்ஃபிரே காஸ் என்னும் செல்வர், மனைவியுடன் வந்து மகளை உரிமை கோருகிறார். நெசவாளியே தன் தந்தை என்று எப்பி மறுக்கிறாள். “பணத்தை அன்பு வென்றது” என்று நோட்ஸ் முடித்துவிடும். அன்று மாலை அக்குடிசை மேசைமீது என்ன இருந்தது என்பதை அது சொல்வதில்லை. கல்குழியில் நீர் வற்றியதால், களவுபோன 272 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸும் அன்றுதான் மீண்டு வந்திருந்தது. செல்வர் பேசும்போது அப்பொன் விளக்கொளியில் அவர்முன் கிடக்கிறது. உழைப்பாளிகளில் இவ்வளவு சேமித்தவர் சிலரே, வறுமைக்கு அஞ்சவில்லை என்று சைலஸும் சொல்கிறான். முன்னர்த் துணையாக வணங்கப்பட்ட பொன், இப்போது தந்தையும் மகளும் பிரியாதிருக்கக் கேடயமாகிறது. ‘முடியாது’ என்று சொல்லும் துணிவை அன்பு தந்தது உண்மை. எவரிடமும் கடன்படாத நிலை அத்துணிவுக்குக் கால் ஊன்ற இடம் தந்தது. முன்பணம் பெற்று, அது தீரும்வரை முதலாளியை மாற்ற இயலாத நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும். அதே நூலில், நூற்கப்படும் சணல்நார் குறைந்து நெசவு நலிகிறது என்ற பேச்சும் வருகிறது. இறுதியில் சைலஸ் தன் பழைய ஊரைத் தேடிச் சென்றால் லேண்டர்ன் யார்டு இல்லை. அங்கே ஒரு தொழிற்சாலை நிற்கிறது. விசைத்தறியை அறிந்த ஊர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

திருநெல்வேலியில் தாம் பெற்ற ஆங்கிலப் பள்ளிக் கல்வியைச் சுயசரிதைக் கவிதையில் கடுமையாகச் சாடியவர் பாரதியார் (1882–1921). அவரே இளமையில் ‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயர் பூண்டவர். இதில் முரண்பாடு ஏதுமில்லை. அவர் வெறுத்தது படிப்பித்த முறையை, விரும்பியது கவிஞனை. நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலை வளர்க்கவேண்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரியிலிருந்து வந்த மகனையோ மகளையோ அமரச் செய்து, படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொன்னால் போதும். தறியில் கூலி வாங்கிய பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஐந்து பொற்காசுகளில் யார் யாருக்குப் பங்கு என்று நிச்சயம் கேட்பார். நோட்ஸ் புத்தகங்கள் கேட்க மறந்த வினா அதுவே.