குளிரும் ஒரு கதையும்

பனிக்காலத்தில் வியத்நாமின் வடமலைகளுக்குப் போகிறவர்கள் ஸாபாவில் தங்கி, ஃபான்சிபான் சிகரத்தில் உறைபனி கண்டு திரும்புகிறார்கள். 2016-லிருந்து ரோப் கார் வேறு இருக்கிறது. திரும்பி வந்து அவர்கள் எழுதும் கட்டுரைகளில் குளிர் உண்டு. குளிரில் வாழ்கிறவன்தான் இல்லை.

அவனைக் காட்டுகிறது, நுயென் தான் லாங் 1970-ல் எழுதிய 'அமைதியான ஸாபா' என்ற சிறுகதை. 2,600 மீட்டர் உயரத்தில் தன்னந்தனியாக வானிலை அளக்கிறான் ஓர் இளைஞன். இரவு ஒரு மணிக்குக் கடிகாரம் அடித்ததும் போர்வையை உதறி எழுந்து, லாந்தருடன் பனியில் இறங்கவேண்டும். குளிர் இங்கே வேடிக்கையல்ல; உத்தியோகம்.

கதையில் குறை இல்லாமலில்லை. வருகிறவர்கள் அத்தனை பேரும் உத்தமர்கள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. யுத்தகாலப் பிரசார வாடையும் லேசாக அடிக்கிறது. ஆனால் மனித முகம் பார்க்கும் ஏக்கத்தில் அவன் ஒரு மரத்தைச் சாலையின் குறுக்கே தள்ளி வண்டியை நிறுத்தியதாக டிரைவர் சொல்கிறாரே, அந்த இடத்தில் லட்சியப் பதுமை கரைந்து, தனிமை தாங்காத பிள்ளை எட்டிப்பார்க்கிறான். பிரசாரத்துக்கு வேண்டாத அந்த மரம்தான் கதையைக் காப்பாற்றுகிறது. பயணக் கட்டுரைக்காரர்கள் இதைப் படிக்கவேண்டும் என்பேன்.