சுழலாத டிஸ்க்

2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, பூநகரிக்கு யாழ்ப்பாணத்துக் கணினிக் கடைகள் கிட்டடிதான். ஆனால் 2022 இல் ரூபாய் விழுந்ததோடு புதுக் கணினியின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் பழைய கணினிக்கே புது வேகம் தரும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. மீது எனக்கு இவ்வளவு பிரியம். இரண்டரை அங்குலத் தட்டைப் பெட்டி. உள்ளே சுழலும் தட்டும் இல்லை, அசையும் முள்ளும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுழன்று தேடியதை, இது ஓசையில்லாமல் எடுத்துத் தருகிறது. பத்து வருடப் பழைய மேசைக் கணினியிலும் அதே சாட்டா வயரில் கொழுவலாம். தேநீர் ஆறும்வரை திறக்காத விண்டோஸ் சட்டென்று எழும்பிவிடும். அந்த வேகத்தைப் பார்ப்பதே ஒரு சந்தோசம்.

பழைய கணினியில் அடுத்து மாற்றக்கூடியது ராம் என்ற நினைவகம். டிடிஆர்3 வகைத் தாய்ப்பலகையில் டிடிஆர்4 ஏறாது, பார்த்து வாங்கவேண்டும். பவர் சப்ளையில் மட்டும் மலிவு தேடாதீர்கள். அது எரிந்தால் மற்றதையும் கொண்டுபோகலாம்.