டீ டிகாக்ஷனில் ஒரு மலை

தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவளுக்கும் நிம்மதி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பெல்லாம் சிரித்திருப்பேன். பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை, போன மாசப் பணம் எப்போது என்று ஒரு பக்கம் விவசாயிகளின் போன். ஏலத்தில் தூள் போச்சா, தேங்கிடுச்சா என்று இன்னொரு பக்கம் விசாரணை. இப்போதும் அதே வேலை, அதே போன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் வாட்டர் கலரோடு உட்கார்ந்துவிடுவேன். அடடா, அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக எதைச் சொல்வது!

வாட்டர் கலர் போட நீலகிரி மாதிரி இடமே கிடையாது; இதில் நான் யாரோடும் சண்டைக்கு நிற்பேன். கீழே சமவெளியில் வெயில் காலத்தில் பூசிய வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே மஞ்சு இறங்கிவிட்டால் காயவே காயாது. வானத்துக்கு நீலம் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு மலையைப் போட்டால் மொத்தமும் வானத்தில் ஓடிவிடும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தின் மினுமினுப்பு மங்குகிற நொடி ஒன்று வரும். அப்போது தூரிகை நுனியால் மலை விளிம்பைத் தொட்டால், விளிம்பு மெல்லக் கரைந்து, மஞ்சு தானே வந்து தாளில் உட்காரும்! அந்த நேரத்தில் பச்சைத் தேயிலை விலை ஞாபகத்துக்கு வரட்டும், பார்க்கலாம்.

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்துத் துள்ளிக் குதித்தேன். 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டுவது என்று இஷ்டப்படி எதையாவது செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியவில்லை. 'எனக்கு நேர்க்கோடு கூட வராது' என்று நழுவுகிறவர்கள் கவனிக்கவும்.

தேயிலைக் காட்டின் பச்சை இருக்கிறதே, அது ஒரு போதை. ட்யூபிலிருந்து பிதுக்கிய சாப் கிரீனை அப்படியே பூசினால் கூல்டிரிங்க் கலர் மாதிரிதான் இருக்கும். கொழுந்துக்கு லெமன் யெல்லோவில் நீலம் ஒரு சொட்டு. முற்றிய இலைக்கு சாப் கிரீனில் கொஞ்சம் பழுப்பு. கவாத்து வெட்டிய காட்டில் பச்சையே கிடையாது. அங்கேதான் என் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது: டீ டிகாக்ஷன்! டஸ்ட் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு வடிகட்டித் தொட்டு வரைந்தால் மண்ணும் மரப்பட்டையும் அச்சு அசல். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறப்போட்டு, அதில் ஒரு துளியை டிகாக்ஷனில் விட்டால் கண்ணெதிரே கறுத்துப்போகும். டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்கிற வேலை அது. சில்வர் ஓக் நிழலுக்கு அதைவிட நல்ல கறுப்பு வேண்டாம்.

இதெல்லாம் இந்த மலைக்குப் புதிதில்லை. ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினிலும் இலைச்சாற்றிலும் தேன் எடுக்கும் காட்சிகளை வரைகிறார்கள்; அந்தப் படங்களின் முன்னால் என் டிகாக்ஷன் பெருமை கொஞ்சம் அடங்கத்தான் செய்யும். கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் கோபர்ன் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த பறவைகளும் செடிகளும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிம்ஸ் பூங்கா தொடங்கிய அதே 1874இல் எட்வர்ட் லியர் இந்த மலைகளை வரைய வந்திருக்கிறார். நான் உட்காரும் இடத்தில் அவரும் உட்கார்ந்திருப்பார் என்று ஆதாரமில்லாமல் நம்பிக்கொள்கிறேன், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு லீவு நாளில் கேத்தி பக்கம் ரோட்டோரம் வரைந்துகொண்டிருந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வெறும் காட்டைப் போட்டு வெச்சிருக்க? கொழுந்து யாரு எடுக்குறதாம்?"

"உங்களையும் போட்டுடறேங்க்கா."

"போடு, போடு. எனக்கு மட்டும் சிவப்பு ஸ்வெட்டர். இவளுக்கு எது வேணா அடி."

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை, அவருக்கு மஞ்சள் வேண்டுமாம். சிவப்பில் ஒரு சொட்டு, மஞ்சளில் ஒரு சொட்டு. படமே எழுந்து உட்கார்ந்துவிட்டது! அதற்குப் பிறகு நான் ஆளில்லாத தேயிலைக் காடு வரைவதே இல்லை.

ஜனவரியில் தலைக்குந்தா உறைபனிதான் அடுத்த குறி. வெள்ளை வண்ணமே தேவைப்படாது, தாளை அங்கங்கே அப்படியே விட்டால் ஆயிற்று. கூட வருகிறவர்கள் ஸ்வெட்டரோடு ஒரு ஃப்ளாஸ்க் டீயும் கொண்டுவரவும். பால் சேர்க்காமல்.