யார் செலவில் யாருடைய தமிழ்

நெடுந்தொடர் ஒன்றில் கதாநாயகி மாறினால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் அன்றிரவே அது பேச்சாகிவிடுகிறது. தயாரிப்பாளர் மாறினால் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடிய தொடர்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒளியமைப்பு, காட்சியின் வேகம், கதை நடக்கும் வீட்டின் வசதி, பாத்திரங்கள் பேசும் வழக்கு ஆகிய யாவும் தயாரிப்பாளரின் நாற்காலியிலிருந்தே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டிருப்பதும், அந்த நாற்காலிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே கதையின் போக்கு அமைந்திருப்பதும் புலனாகும். கொழும்புத் தமிழர் ஒரு காலத்தில் தம் ஊரின் குரல்களையே தொடர் நாடகங்களில் கேட்டுவந்து, பின்னர் சென்னையின் தொடர்களுக்கு முழுமையாகத் திரும்பிய மாற்றமும் இந்தக் கணக்கிற்குள் அடங்குவதே.

தயாரிப்பாளர் ஒருவர் எவ்வளவு தூரம் மாற்றிவிட முடியும் என்பதற்கு உலகெங்கும் சுட்டப்படும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1963 ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கிய 'ஜெனரல் ஹொஸ்பிட்டல்' ஆகும். நிறுத்தப்படும் நிலைக்கு வந்திருந்த அத்தொடரை 1978இல் பொறுப்பேற்ற குளோரியா மொன்டி, நீண்ட உரையாடல்களை வெட்டி, காட்சிகளைச் சிறிதாக்கி, இரவுநேர நாடகங்களுக்குரிய ஒளியமைப்பைப் பகல்நேரத் தொடருக்குக் கொண்டுவந்து, மருத்துவர்களுக்குப் பதிலாக இளையவர்களைக் கதையின் நடுவில் நிறுத்தினார். 1981 நவம்பரில் லூக், லோரா திருமணத்தை ஏறக்குறைய 3 கோடிப் பேர் பார்த்தனர். அப்பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவனையே அவளுடைய காதலனாக மாற்றிய கதை அது என்பதால், வெற்றியின் அளவைச் சொல்லும்போது அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பார்வையாளரின் எண்ணிக்கையைக் காப்பாற்ற வந்த தயாரிப்பாளர், அந்தத் தேவைக்கேற்பக் கதையின் அறத்தையும் வளைத்தார்.

கொழும்பில் தயாரிப்பாளர் என்ற பதவி வேறு வகையில் உருவானது. இலங்கை வானொலியில் நாடகத் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் அல்லர். நாடகப் பிரதியைத் தெரிந்து, குரல்களைத் தேர்ந்து, ஒத்திகை பார்த்து, கலையகத்தில் ஒலிப்பதிவை நடத்தும் சம்பள அலுவலர். அந்தப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த சானா என்ற சண்முகநாதனின் காலத்தில், சிறுகதை எழுத்தாளர் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' போன்ற நாடகங்கள் யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சை மெருகிடாமல் ஒலிவாங்கியின் முன் நிறுத்தின. வானொலியில் காட்சி கிடையாது. குரலின் வழக்கே பாத்திரத்தின் முகமாகவும் உடையாகவும் வீடாகவும் செயற்பட வேண்டும். தமிழகத் திரைப்படங்களின் மேடைத் தமிழ் செல்வாக்குப் பெற்றிருந்த நாட்களில் ஊர்ப்பேச்சைத் துணிந்து தேர்ந்ததே ஈழத்து வானொலி நாடகத்திற்குத் தனித் தோற்றத்தைக் கொடுத்தது எனலாம்.

1950இல் தொடங்கிய வர்த்தக சேவை இந்த ஏற்பாட்டிற்குள் இன்னொரு கையைக் கொண்டுவந்தது. நிறுவனமொன்று நிகழ்ச்சியின் செலவை ஏற்று அதற்குள் தன் விளம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளும் அனுசரணை முறையில், கேட்பவர்கள் அடுத்த வாரமும் திரும்பி வர வேண்டும் என்பது நிபந்தனையாகிவிட, கதை தொடராக நீண்டது. மக்கள் வங்கியின் அனுசரணையில் ஒலித்த 'தணியாத தாகம்' இவ்வகையில் நிலைத்த பெயர் பெற்றது. சில்லையூர் செல்வராசன் எழுத, சானாவுக்குப் பின்வந்த தலைமுறைத் தயாரிப்பாளரான கே. எம். வாசகர் நெறிப்படுத்த, கே. எஸ். பாலச்சந்திரன் உள்ளிட்டோர் நடித்த அத்தொடரில், முன்னைய காலத்து நகைச்சுவை பின்வாங்கி, நடுத்தரக் குடும்பமொன்றின் ஏக்கமும் இழப்பும் வாரவாரம் மெல்லக் கூடிச்சென்றன. பேச்சு வழக்கு அதே யாழ்ப்பாண வழக்குத்தான். பேசும் வேகமும் இடையில் விடப்படும் மௌனமும் மாறியிருந்தன. இது தயாரிப்பாளர் மாறியதன் அடையாளம்.

கொழும்பின் தொடர் நாடகம் தன் உச்சத்தை எட்டியது எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வர்த்தக சேவைத் தொடரில்தான். அதில் ராம்தாஸ் முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழுடன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயராகவும் வந்தனர். நால்வரும் ஒரே அறையில் ஒரே விடயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ஒருவர் சொன்னதை மற்றவர் தம் வழக்கில் வேறாகப் புரிந்துகொள்வதிலிருந்தே சிரிப்பு பிறக்கும். தனியாக நகைச்சுவைச் சம்பவம் எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைத் தெருவொன்றில் நாள்தோறும் கேட்கக்கூடிய நான்கு வகைப் பேச்சுகளையும் இழிவுபடுத்தாமல், நான்கையும் சம உரிமையுடன் சிரிக்கவும் சிரிக்கவைக்கவும் விட்ட துணிவு போற்றத்தக்கது. அனுசரணை தருபவரின் நலனும் இதற்கு எதிராக இருக்கவில்லை, ஏனெனில் இலங்கையில் பொருள் விற்க வந்த நிறுவனத்திற்கு யாழ்ப்பாணத்தவரும் முஸ்லிம்களும் தமிழ் கேட்டு விளங்கும் சிங்களவரும் ஒருசேர வானொலிக்கு முன் அமர்வதே ஆதாயமாகும். குரல்களாக மட்டும் அறியப்பட்ட அந்நால்வருக்கும் 1976இல் எஸ். இராமநாதன் இயக்கிய 'கோமாளிகள்' திரைப்படம் முகங்களைக் கொடுத்தது. மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்று நடிகரின் பெயரோடு பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்ட அளவுக்கு அவை வேரூன்றியிருந்தன.

இந்த மரபு தொலைக்காட்சிக்குள் அதே வலுவுடன் நகரவில்லை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்துசேர்ந்த வேளையில், படப்பிடிப்பின் செலவு வானொலிக் கலையகத்தின் செலவைவிடப் பன்மடங்காக இருந்தது. 1983 யூலை வன்முறை கொழும்புத் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. நடிகரும் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் பலராக நாட்டை விட்டு வெளியேறினர். சக்தி தொலைக்காட்சி 1998இல் தொடங்கப்பட்டபோது, பழக்கப்பட்ட நடிகர் குழுவோடு நெடுந்தொடர் எடுப்பதைவிட, எடுத்து முடித்த சென்னைத் தொடரை வாங்கிப் போடுவது மலிவாக இருந்தது. அதே காலத்தில் செய்மதி அலைவாங்கியும் கேபிள் இணைப்பும் சன் தொலைக்காட்சியை நேரடியாகவே வீட்டிற்குள் கொண்டுவந்தன.

அந்த இணைப்பின் வழியே வந்தது 'சித்தி'. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரிக்க, சி. ஜே. பாஸ்கர் இயக்க, 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை சென்னையில் இரவு 9.30க்கு ஓடிய அத்தொடர், இலங்கையின் கடிகாரம் அப்போது இந்தியாவைவிட அரைமணி முன்னே சென்றதால், கொழும்பில் இரவு 10 மணிக்குப் பார்க்கப்பட்டது. 2006 ஏப்ரலில் கடிகாரம் பின்னகர்த்தப்பட்ட பின்னரே இரு ஊர்களின் தொடர் நேரமும் ஒன்றாயிற்று. அக்காலத்தில் சன் தொலைக்காட்சியின் பல தொடர்கள் நேர ஒதுக்கீட்டு முறையில் இயங்கின. அதாவது தயாரிப்பு நிறுவனம் தன் செலவில் படம் பிடித்து, ஒளிபரப்பு நேரத்திற்குக் கட்டணமும் செலுத்தி, அந்த அரைமணிக்குள் தனக்கு விடப்படும் விளம்பர நிமிடங்களைத் தானே விற்று இலாபம் காணும். தயாரிப்பாளரே நாயகியாகவும் இருந்த ராடானுக்கு இம்முறை நன்கு பொருந்தியது. 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று தொடர்களும் இயக்குநர்களும் மாறினாலும், கதையின் நடுவில் ராதிகாவின் முகமும் அதற்கேற்ற கண்ணியமான ஒளியும் மாறவில்லை. 'வாணி ராணி'யில் வழக்கறிஞராகவும் இல்லத்தரசியாகவும் அவரே இரட்டை வேடம் ஏற்றதும் இந்த ஏற்பாட்டின் இயல்பான நீட்சியே. விளம்பர நிமிடங்கள் விற்கும்வரை கதையை முடிக்க மனம் வராது என்பது இம்முறையின் பெருங்குறை.

அதே முறையின் நல்ல பக்கத்தைக் காட்டியது திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' (2002–2005). டெல்லி குமார் நடித்த சிதம்பரமும் அவருடைய ஐந்து பெண்களும் வாழ்ந்த வீட்டில் பளபளப்பு கிடையாது. மாமியார் ராஜத்தின் சுடுசொல்லைச் சரோஜா வாங்கிக்கொள்ளும் காட்சிகளில் சொல்லும் முகமுமே வேலை செய்தன. இயக்குநரின் மனப்போக்குக்குத் தயாரிப்பாளர் இடம் விட்டால் எளிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழ்த் தொடர்களில் அரிது. பின்னர் திருமுருகன் தாமே தயாரிப்பாளராகி எடுத்த 'நாதஸ்வரம்' தொடரின் 1000ஆவது பகுதியை 2014இல் வெட்டின்றி ஒரே தொடர்காட்சியாக நேரலையில் வழங்கினார். கையில் பணப்பொறுப்பும் சேர்ந்தபோது அவரது சோதனை, கதையிலிருந்து செய்நேர்த்தியின் பக்கம் சற்றே நகர்ந்ததாகத் தோன்றுகிறது.

இதற்கிடையில் மும்பையின் பாலாஜி நிறுவனம் 'கஸ்தூரி' போன்ற தொடர்களுடன் தமிழுக்கு வந்திருந்தது. ஒரு வசனத்திற்கு வீட்டிலுள்ள அத்தனை முகங்களையும் சுற்றிவரும் கமரா, அதிரும் பின்னணி இசை, சமையலறையிலும் பட்டுச்சேலை என்ற இந்தித் தொடர்களின் தோற்றம் பரவியது. ஆணைத் தயாரிப்பு முறையும் வலுப்பெற்றது. இம்முறையில் ஒரு பகுதிக்கு இவ்வளவு என்று அலைவரிசை தொகை கொடுத்து, விளம்பர வருவாயையும் உரிமையையும் தானே வைத்துக்கொள்ள, கதையின் திருப்பங்களை அலைவரிசையின் படைப்புக் குழுவும் பார்க் அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் பார்வையாளர் கணக்கும் வழிநடத்துகின்றன. விஜய் தொலைக்காட்சியின் 'சரவணன் மீனாட்சி' 2011 முதல் 2018 வரை மூன்று பருவங்களில் ஒரே பெயரை வெவ்வேறு கதைகளுக்கும் வெவ்வேறு இணைகளுக்கும் அணிவித்தது இந்தப் போக்கின் தெளிந்த வடிவம். நிலையாக நின்றது தலைப்பு மட்டுமே.

ராடானின் இறுதிக்கட்டத் தொடர்களில் இந்த மாற்றத்தின் அழுத்தம் கண்கூடாகத் தெரிந்தது. 2018 டிசம்பரில் அரசகாலக் காட்சிகளும் பெரும் அரங்கமைப்புமாகத் தொடங்கிய 'சந்திரகுமாரி', சில மாதங்களில் 9.30இலிருந்து மாலை 6.30க்கு நகர்த்தப்பட்டு, ராதிகாவின் இடத்தில் விஜி சந்திரசேகரை ஏற்று, 2019இலேயே முடிந்தது. 2020 ஜனவரியில் வந்த 'சித்தி 2' பெருந்தொற்றால் நின்று மீண்டபோது பொன்வண்ணனின் பாத்திரத்தில் நிழல்கள் ரவி தோன்றினார். 2021இல் ராதிகாவே விலகிக்கொள்ள, சித்தி என்ற தலைப்பின் கீழ் சித்தி இல்லாமல், வெண்பா, கவின் என்ற இளம் இணையின் காதல் கதை 2022 வரை ஓடியது. ஊரடங்கின்போது சன் தொலைக்காட்சி மறுஒளிபரப்புச் செய்த 'மெட்டி ஒலி'யை அதனருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு, இழக்கப்பட்டது ஒரு நடிகை மட்டுமல்ல என்பது விளங்கியிருக்கும்.

இத்தனை மாற்றங்களிலும் கொழும்பின் கருத்து எங்கும் கேட்கப்படவில்லை. பார்க் அமைப்பின் அளவுகருவிகள் இந்திய வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. விளம்பர நிமிடங்களை வாங்குபவை தமிழ்நாட்டின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும். ஆகவே காலி வீதியின் இருபுறமும் எத்தனை வீடுகளில் ஒரு தொடர் ஓடினாலும், அதைத் தயாரிப்பவரின் கணக்கில் அவ்வீடுகள் இல்லை. கணக்கில் இல்லாதவரின் பேச்சுவழக்கு கதையிலும் இடம்பெறாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவுதோறும் தமிழ் கேட்டு வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தன் பாட்டியின் பேச்சைத் தொடர் நாடகத்தில் ஒருமுறைகூடக் கேட்காமல் வளர்ந்திருக்கக்கூடும். இது வருந்தத்தக்க நிலை. இலங்கை வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சிங்களத்தில் எடுத்த விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்புவதற்கு இன்றும் செலவிட்டுத்தான் வருகின்றன. அச்செலவில் ஒரு பங்கை வாரத்திற்கு அரைமணி நேரத் தொடர் ஒன்றின் அனுசரணையாக மாற்றி, கதையின் போக்கில் தலையிடாத தயாரிப்பாளர் ஒருவரின் கையில் இரண்டு ஆண்டுகளுக்கு உறுதியாகக் கொடுத்தால், பெரிய அரங்கமைப்பு எதுவும் வேண்டியதில்லை. ஓர் அறையும், மருதானையும் மட்டக்களப்பும் பருத்தித்துறையும் அட்டனும் தத்தம் வழக்கில் பேசத் தெரிந்த நான்கு நடிகர்களும், அவ்வழக்குகளைக் காதால் அறிந்த ஓர் எழுத்தாளரும் தொடங்குவதற்குப் போதும்.