கியூபெக் என்ன பாவம் செய்தது?

என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி தொடரில் இப்போது 32 அணிகள். அடுத்த இரண்டு அணிகள் எந்த ஊருக்கு என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஹூஸ்டன், அட்லாண்டா என்ற பெயர்களே முதலில் அடிபடுகின்றன. ஹூஸ்டன் சரி. அட்லாண்டா, கனடாவின் கியூபெக் சிட்டியை முந்திக்கொண்டு வருவதுதான் உறுத்துகிறது.

1995-ல் கியூபெக்கின் நார்டிக்ஸ் அணி விற்கப்பட்டு டென்வருக்குப் போனது. கொலராடோ அவலாஞ்ச் என்று பெயரை மாற்றிக்கொண்டு மறு ஆண்டே என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. வளர்த்த வீட்டில் விளக்கணைந்து, புகுந்த வீட்டில் பொங்கல்! ஆனாலும் ஊர் சோர்ந்துவிடவில்லை. நகர, மாகாண அரசுகளின் பணத்தில் 18,000 பேருக்கு மேல் அமரும் வீடியோட்ரான் சென்டரைக் கட்டி 2015-ல் திறந்தார்கள். அணி கேட்டு விண்ணப்பமும் போனது. 2016-ல் லாஸ் வேகாஸுக்குச் சம்மதம். கியூபெக்குக்கு ‘பிறகு பார்க்கலாம்’. கிழக்குப் பிரிவில் 16, மேற்கில் 14 அணிகள் இருந்ததால் அன்று அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. வேகாஸும் சியாட்டிலும் சேர்ந்து கணக்கு நேரான பிறகும் அந்த அரங்கில் ஆடுவது ஜூனியர் அணியான ரெம்பார்ட்ஸ்தான்.

அட்லாண்டா ஏற்கெனவே இரண்டு அணிகளை இழந்த ஊர். 1980-ல் ஃபிளேம்ஸ் கால்கரிக்குப் போனது, 2011-ல் த்ராஷர்ஸ் வின்னிபெக்குக்கு. இதற்கு ரசிகர்களை மட்டும் திட்டுவது தவறு. த்ராஷர்ஸின் உரிமையாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்; ஆடிய 11 பருவங்களில் ஒரே ஒருமுறைதான் பிளே-ஆஃப், அதிலும் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அப்படிப்பட்ட அணிக்கு எந்த ஊரில் டிக்கெட் விற்கும்?

பாலைவனத்தில் ஹாக்கி எடுபடாது என்றும் சொல்வார்கள். வேகாஸ் முதல் பருவத்திலேயே இறுதிச் சுற்றுக்கு வந்தது, 2023-ல் கோப்பையையும் வென்றது. அதே பாலைவனத்து அரிசோனாவோ கடைசி இரண்டு பருவங்களை 5,000 பேர்கூட அமர முடியாத பல்கலைக்கழக அரங்கில் ஓட்டிவிட்டு, 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உரிமையாளரும் அரங்கும்தான் வேறு.

ஹூஸ்டனுக்கு என் ஓட்டு உண்டு. அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம், மேற்குப் பிரிவுக்குப் பொருத்தமான இடம், நகர மையத்திலேயே அரங்கு. டெக்சாஸுக்கு ஹாக்கி புதிதும் அல்ல: 1973-ல் ஹாக்கி ஜாம்பவான் கோர்டி ஹாவ் தன் இரு மகன்களோடு களமிறங்கியது ஹூஸ்டன் ஏரோஸுக்குத்தான். அப்போது என்.எச்.எல்-க்குப் போட்டியாக நடந்த தொடரில் ஏரோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றது.

இன்னோர் இடம் கியூபெக்குக்கே சேர வேண்டும். ஆனால் அங்கே வருமானம் கனடா டாலரில், வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில். சேர்க்கைக் கட்டணமாக வேகாஸ் கட்டியது 50 கோடி அமெரிக்க டாலர், சியாட்டில் 65 கோடி. அடுத்து வருபவரிடம் இதைவிடக் குறைவாகக் கேட்கப்போவதில்லை. அவ்வளவு பணத்தை அந்தச் சிறிய சந்தையில் போட ஒருவர் முன்வந்தால்தான் கியூபெக்கின் விண்ணப்பம் மறுபடி மேசைக்கு வரும்.